கேள்வி-பதில்: வாங்கிய பழைய லாரியில் இன்ஜின் கோளாறு

பழைய லாரி, பிக்கப் வாங்கிய சில வாரங்களிலேயே இன்ஜின் தகராறு செய்வதாக நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: வாங்கப் போனபோது சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது. இப்போது காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது. ஒருமுறை பிடித்துவிட்டால் நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை. டீசல் பம்ப் போய்விட்டது என்கிறார் மெக்கானிக்.

பதில்: நீங்கள் போவதற்கு முன்பே விற்றவர் இன்ஜினைச் சூடாக்கி வைத்திருப்பார். இது பரவலாக நடக்கும் வேலை.

பம்பைக் கழற்ற விடாதீர்கள். நாளைக் காலை செல்ஃப் அடிக்கும் முன், ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் ஹேண்ட் பம்பைக் கெட்டியாகும் வரை அழுத்துங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால், இரவில் டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்கிவிடுகிறது, லைனில் ஏர் எடுக்கிறது என்று பொருள். டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள பகுதி உறிஞ்சும் பகுதி. அங்கே கசிவு இருந்தால் டீசல் வெளியே சொட்ட வேண்டும் என்பதில்லை, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. ஃபில்டருக்கு அடுத்து உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒரு துண்டு போட்டால் குமிழி ஓடுவது தெரியும். பழைய ஹோஸ், தளர்ந்த கிளாம்ப், ஃபில்டர் சீல், தண்ணீர் வடிகட்டியின் அடி வால்வு, இந்த வரிசையில் தேடுங்கள்.

ஹேண்ட் பம்ப் அடித்தும் பயனில்லை என்றால், செல்ஃப் அடிக்கும்போது புகைக்குழாயைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. ஹீட்டர் பிளக், பேட்டரி, கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அழுந்தும் அளவு) பக்கம் போங்கள். புகையே இல்லையென்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவே இல்லை.

கேள்வி: ஆயில் மட்டம் குறையவே இல்லை, கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது. நல்ல இன்ஜின் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. டீசலோ தண்ணீரோ ஆயிலில் கலக்கிறது. இன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள்.

கேள்வி: லோடு ஏற்றி மேடு ஏறினால் கரும்புகை, புல்லிங் இல்லை. ஃபுல் இன்ஜின் வேலை செய்ய வேண்டுமாம்.

பதில்: கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. முதலில் காற்றைப் பாருங்கள், செலவு குறைந்தது அதுதான். ஏர் ஃபில்டர், அப்புறம் டர்போவிலிருந்து (காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர்விப்பது) வழியாக இன்ஜினுக்குப் போகும் ஹோஸ்கள். ஹோஸின் அடிப்பக்கம் கண்ணில் படாத இடத்தில்தான் பெரும்பாலும் கிழிந்திருக்கும். இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கோடு கரி படிந்திருந்தால் அங்கே காற்று வெளியேறுகிறது.

புகை இல்லாமல் புல்லிங் மட்டும் குறைந்தால் டீசல் பக்கம் பாருங்கள். ஓட்டும்போது இழுவை குறைந்ததும் நிறுத்தி டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். மறுபடி இழுத்தால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இந்தச் சோதனைகள் எதையும் செய்யாமல் ஃபுல் இன்ஜின் வேலை என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கேள்வி: வண்டி வாங்கியதிலிருந்து டீசல் பம்ப், எல்லா இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்), டர்போ, இரண்டு சென்சார் மாற்றியாயிற்று. மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யாமல் இன்ஜின் தடுமாறுவது) மட்டும் போகவில்லை. அடுத்து எதை மாற்றலாம்?

பதில்: எதையும் மாற்றாதீர்கள். பாகம் பாகமாக மாற்றிப் பார்ப்பது கோளாறு கண்டுபிடிக்கும் முறையே அல்ல. அது ஊகம், அந்த ஊகத்துக்குப் பணம் கட்டுவது நீங்கள். மாற்றிய பாகம் பழுதாக இருந்ததா என்று யாராவது சோதித்துக் காட்டினார்களா? கேட்டீர்களா? கழற்றிய பாகங்களையாவது திருப்பி வாங்கினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஸ்கேனரில் வரும் கோடைப் (கோளாறைக் குறிக்கும் குறியீட்டு எண்ணை) பார்த்துப் பாகம் மாற்றும் பழக்கத்தின் மேல் எனக்குத் தீராத கோபம். பி0087 என்ற கோடு, ரெயிலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் டீசலைப் பகிர்ந்து தரும் குழாயில்) டீசல் அழுத்தம் குறைகிறது என்று மட்டுமே சொல்கிறது. பம்ப் போய்விட்டது என்று அது சொல்லவில்லை. அடைத்த ஃபில்டர், லைனில் ஏர், திருப்பி அதிகமாகக் கசியும் இன்ஜெக்டர், கெட்டுப்போன அழுத்த வால்வு, இதில் எதனாலும் அதே கோடு வரும். காய்ச்சல் என்பது நோயின் பெயர் அல்ல, கோடும் அப்படித்தான்.

மிஸ்ஸிங்குக்கு வழி இது. எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்கேனர் மூலம் ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்தினால், நிறுத்தியும் இன்ஜின் ஓட்டத்தில் மாற்றமே இல்லாத சிலிண்டர்தான் குற்றவாளி. அதன் இன்ஜெக்டரை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் இன்ஜெக்டர் கெட்டது. அங்கேயே நின்றால் கம்ப்ரஷன், வால்வு, வயரிங் மூன்றையும் பாருங்கள். சில வண்டிகளில் இன்ஜெக்டரின் எண்ணைக் கம்ப்யூட்டரில் மறுபடி பதிய வேண்டும், அதை மறக்க வேண்டாம். எல்லா இன்ஜெக்டரிலும் டீசல் எவ்வளவு திரும்புகிறது என்று சின்ன பாட்டில்களில் பிடித்து ஒப்பிடுவதும் எளிய சோதனை.

ஒரு எச்சரிக்கை. பழைய மெக்கானிக்கல் இன்ஜின்களில் டீசல் பைப் நட்டைத் தளர்த்தி சிலிண்டரைச் சோதிப்பார்கள். காமன் ரெயில், அதாவது மேலே சொன்ன ரெயில் உள்ள இன்ஜினில் அதைச் செய்யவே கூடாது. அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போனால், காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

நான் வாங்கிய ஒரு பிக்கப்பிலும் இதே கதை. விற்றவர் கழற்றிய பாகங்களைக் குவித்துக் காட்டி, எல்லாமே புதுசாகப் போட்டிருக்கிறேன் என்றார். அவ்வளவு புதுப் பாகங்கள் இருக்கிறது என்றாலே, கோளாறை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று அர்த்தம். கடைசியில் பிராக்கெட்டில் உரசி உரசித் தோல் போன ஒரு வயர்தான் காரணம். உங்கள் வண்டியிலும் இன்னொரு பாகம் வாங்கும் முன் வயரிங்கை அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பிவிட்டேன். வண்டியை இன்னும் நேரில் பார்க்கவில்லை. வீடியோவில் இன்ஜின் சத்தம் சீராக இருக்கிறது. மீதியை அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். வீடியோ சத்தத்தை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. நேரில் போய், ஆறின இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்து பாருங்கள். அதற்கு நேரமில்லை என்றால் லாரி வாங்க வேண்டாம்.

கேள்வி: கூலன்ட் குறைந்துகொண்டே இருக்கிறது, வெளியே ஒழுகல் இல்லை. எச்சரிக்கை விளக்கின் பல்பையே கழற்றிவிட்டு விற்றிருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிந்தது. கேட்டால், 'உள்ளது உள்ளபடி' என்று கையெழுத்து போட்டிருக்கிறாயே என்கிறார். சேமிப்பு முழுவதும் இதில்தான் போட்டேன்.

பதில்: இதில் உங்கள் மேல் தப்பே இல்லை. விளக்கைக் கழற்றியவருக்குக் கோளாறு தெரிந்திருக்கிறது. உள்ளது உள்ளபடி என்ற வாசகம், தெரிந்தே மறைத்ததற்கும் பாதுகாப்பு தந்துவிடும் என்று நினைத்து விட்டுக்கொடுக்காதீர்கள். பல நாட்டுச் சட்டங்களில் அது அப்படித் தருவதில்லை. வழக்கறிஞரையோ நுகர்வோர் அமைப்பையோ உடனே பாருங்கள்.

அதற்கு முன் எதையும் கழற்றாதீர்கள். பல்பு இல்லாத இடத்தைப் படமெடுங்கள். விற்றவரோடு தொடர்பில்லாத பட்டறையில் சோதித்து, தேதியோடு எழுத்தில் வாங்குங்கள். விற்றவர் தன் ஆளை அனுப்பிப் பிரித்துப் பார்க்கிறேன் என்றால் சம்மதிக்க வேண்டாம், பிரித்துவிட்டால் தடயம் போய்விடும்.

சோதனை இப்படி: ராத்திரி முழுக்க நின்று ஆறிய வண்டியில், காலையில் ரேடியேட்டர் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். இன்னும் விறைப்பாக இருந்தால் சிலிண்டர் வாயு கூலன்ட்டுக்குள் போகிறது என்று சந்தேகிக்கலாம். அதை உறுதிசெய்ய ஒரு திரவச் சோதனை உண்டு. வாயு பட்டால் நீலத் திரவம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். மாறினால் ஹெட் கேஸ்கெட்டோ, விரிசல் விட்ட ஹெட்டோ. மாறாமல், புகையில் மட்டும் இனிப்பு வாடையோடு வெள்ளை வந்தால் ஈஜிஆர் கூலரையும் (புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து இன்ஜினுக்கே திருப்பும் பாகம்) சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை ஓட்டாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் தேங்கியிருக்கும்போது செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம்.

கேள்வி: நீலப்புகை வருகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை அடிக்கிறது. என்ன சேர்மானம் ஊற்றினால் நிற்கும்?

பதில்: எதுவும் ஊற்ற வேண்டாம். விற்றவர் ஏற்கெனவே கெட்டியான ஆயிலை ஊற்றி இதை மறைத்திருக்கலாம். அதை வடித்து, கம்பெனி சொன்ன தரத்தில் புது ஆயில் போட்டுவிட்டு மறுபடி கவனியுங்கள். பழைய ஃபில்டரை எறியாமல் வெட்டித் திறந்து, மடிப்புகளில் உலோகத் துகள் மின்னுகிறதா பாருங்கள். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருந்தாலும் இப்படிப் புகை அடிக்கும், அதையும் சுத்தம் செய்துவிடுங்கள். அதற்குப் பிறகும் அதே நிலைதான் என்றால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் எடுக்கச் சொல்லி, எண்களை எழுதி வாங்குங்கள். எல்லாம் ஒரே அளவாக நன்றாக இருந்தால் பிஸ்டன் ரிங்கை விட்டுவிட்டு டர்போ சீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.