கிணற்று நீரும் சாஃப்ட்னரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரின் டிடிஎஸ் 900 எனக் கைமானி காட்டுகிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு எந்த அளவுள்ள சாஃப்ட்னர் வாங்க வேண்டும்?

பதில்: அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் வாங்கிவிடாதீர்கள். டிடிஎஸ் மானி, நீரில் கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்து, நீரின் மின்கடத்தும் திறனைக் கொண்டு தோராயமாக மதிப்பிடுகிறது. சாஃப்ட்னர் நீக்குவதோ கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றால் உண்டாகும் கடினத்தன்மையை மட்டுமே. ஒரே டிடிஎஸ் அளவுள்ள இரண்டு கிணறுகளில் ஒன்றில் பெரும்பகுதி சோடியம் குளோரைடாகவும் மற்றொன்றில் பெரும்பகுதி கால்சியமாகவும் இருக்கக்கூடும். முதல் கிணற்றுக்குச் சாஃப்ட்னரால் ஆகப்போவது அதிகமில்லை. ஆகவே மொத்தக் கடினத்தன்மை, இரும்பு, மாங்கனீசு, பிஎச் ஆகிய நான்கையும் ஆய்வகத்தில் அளந்து பெறுங்கள். மழைக்குப் பின்னும் கோடையிலும் கிணற்று நீர் மாறும் என்பதால், கோடையில் எடுத்த அளவையும் கையில் வைத்திருப்பது நல்லது.

கணக்கு எளியது. கடினத்தன்மை லிட்டருக்கு 400 மி.கி. என்றும், ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர் செலவாகிறது என்றும் கொண்டால், நான்கு பேருக்கு 600 லிட்டர். அதில் 240 கிராம் கடினத்தன்மை உள்ளது. சாஃப்ட்னருக்குள் கடினத்தன்மையைப் பிடித்துக்கொள்பவை ரெசின் எனும் சிறு மணிகள்; அவை நிறைந்ததும் உப்புக் கரைசலால் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். ஒரு லிட்டர் ரெசின், சுமார் 120 கிராம் உப்பால் புதுப்பிக்கப்படும்போது, ஏறத்தாழ 50 கிராமை ஏற்கும். 25 லிட்டர் ரெசின் உள்ள கருவி ஐந்து நாளுக்கு ஒருமுறை 3 கிலோ உப்பைக் கேட்கும். விற்பனையாளர்கள் சொல்லும் பெரிய கொள்ளளவு, பெரும்பாலும் இதைப்போல் இரு மடங்கு உப்பைக் கொட்டிப் பெறும் அளவாகும். உப்பை இரட்டித்தாலும் கொள்ளளவு இரட்டிப்பதில்லை என்பதால், எந்த உப்பு அளவில் அந்தக் கொள்ளளவு என்று கட்டாயம் கேளுங்கள்.

புதுப்பிப்பதை நாள் கணக்கில் தொடங்கும் வால்வைவிட, ஓடிய நீரை அளந்து தொடங்கும் வால்வே மேலானது. தானியங்கி வால்வுகள் சரியாக இயங்கப் பொதுவாக 1.5 முதல் 2 பார் அழுத்தம் வேண்டும்; மேல்நிலைத் தொட்டியிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இறங்கும் நீர் தருவது 0.3 பார் மட்டுமே. தொட்டிக்குக் கீழே பொருத்த எண்ணினால் அழுத்த பம்பு ஒன்றும் தேவைப்படும்.

கேள்வி: கருவி பொருத்திய சில மாதங்களிலேயே நீர் மீண்டும் கடினமாகிவிட்டது. ரெசின் பழுப்பாகத் தெரிகிறது. உப்பு ஒழுங்காகவே போடுகிறோம்.

பதில்: உங்கள் கிணற்றில் இரும்பு இருக்கிறது என்றே கருதுகிறேன். இறைத்தவுடன் தெளிவாக இருக்கும் நீர் சிறிது நேரம் காற்றுப் பட்டதும் செம்பழுப்பாகக் கலங்கினால், அது கரைந்த நிலையில் வரும் இரும்பு. சிறிதளவை ரெசின் தாங்கும். லிட்டருக்கு ஓரிரு மி.கி.க்கு மேல் போனால் ரெசின் மணிகளின் மேலும் உள்ளும் துருவாகப் படிந்துவிடும், வெறும் உப்புக் கரைசலால் அது முழுதும் அகலாது. தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் ரெசின் கழுவும் மருந்தால் ஒருமுறை சுத்தம் செய்து பாருங்கள். அம்மருந்தைப் பிளீச்சிங் திரவத்துடன் ஒருபோதும் கலக்கக் கூடாது. நிலையான தீர்வு, சாஃப்ட்னருக்கு முன்னால் இரும்பை நீக்கும் வடிகட்டியைப் பொருத்துவதே. மணலும் வண்டலும் வரும் கிணறாக இருந்தால் அதற்கும் முன்னால் ஒரு வண்டல் வடிகட்டி வேண்டும்.

கேள்வி: சாஃப்ட்னரைக் கடந்து வரும் நீரிலும் டிடிஎஸ் குறையவே இல்லை. கருவி பழுதா? இந்த நீரைக் குடிக்கலாமா?

பதில்: பழுதில்லை. ஒவ்வொரு கால்சியம் அயனியையும் பிடித்துக்கொண்டு இரண்டு சோடியம் அயனிகளை விடுவிப்பதே ரெசினின் வேலை. ஆகவே டிடிஎஸ் ஏறக்குறைய அப்படியே நிற்கும். கருவி வேலை செய்கிறதா என்பதை டிடிஎஸ் மானியால் அல்ல, சோதனைத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் கடினத்தன்மை சொட்டுச் சோதனையால் அறியலாம். 400 மி.கி. கடினத்தன்மையை நீக்கினால் லிட்டருக்குச் சுமார் 184 மி.கி. சோடியம் கூடுகிறது. இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இதை மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள். சமையலறைக்கும் தோட்டத்துக்கும் சாஃப்ட்னருக்கு முன்னிருந்தே தனிக் குழாய் எடுப்பதையே நான் எல்லோருக்கும் சொல்வேன். சோடியம் மிகுந்த நீர் மண்ணை இறுக்கிச் செடிகளை வாட்டும். பாக்டீரியா, நைட்ரேட், ஃபுளோரைடு ஆகியவற்றைச் சாஃப்ட்னர் நீக்காது என்பதால், குடிநீருக்கு வேறு ஆய்வும் வேறு சுத்திகரிப்பும் தேவை.

கேள்வி: உப்புத் தொட்டியில் உப்பு குறையவே மாட்டேன் என்கிறது, நீரும் மென்மையாக இல்லை.

பதில்: உப்பு மேலே பாளமாக இறுகி, அதன் அடியில் வெற்றிடம் உண்டாகியிருக்கலாம். மரக்கோலால் மெதுவாகக் குத்தி உடையுங்கள். தொட்டியை நிரம்ப நிரப்பாமல் பாதியளவில் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை அடிவண்டலைக் கழுவிவிடுங்கள். பாளம் இல்லையென்றால், உப்புக் கரைசலை உறிஞ்சும் இன்ஜெக்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: உப்பே தேவைப்படாத காந்தக் கருவி போதுமா?

பதில்: அது கால்சியத்தை நீரிலிருந்து எடுப்பதில்லை, சொட்டுச் சோதனை முன்னும் பின்னும் ஒரே அளவைக் காட்டும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: கிணற்றில் குளோரின் இட்டுக் கிருமி நீக்கப் போகிறோம். கருவியை என்ன செய்வது?

பதில்: தொடங்கும் முன்னரே பைபாஸ் வால்வைத் திருப்பிக் கருவியை ஒதுக்கிவிடுங்கள், ஏனெனில் செறிந்த குளோரின் ரெசினைச் சிதைக்கும். பணி முடிந்தபின், குளோரின் வாடை அறவே நீங்கும்வரை நீரை வெளியேற்றி, சோதனைத் தாளாலும் உறுதிசெய்துகொண்டு, அதன்பிறகே கருவியை மீண்டும் இணைத்து ஒருமுறை உப்பால் புதுப்பியுங்கள்.