அம்மாவுக்கு என்ன வாங்கலாம்? பூ, ஆல்பம், போட்டோ செஷன் பற்றிச் சில கேள்விகள்

வசந்தம் வந்தால் போதும், பூக்கடையிலிருந்து நகைக்கடை வரை எல்லோருக்கும் நம் அம்மா மேல் திடீர்ப் பாசம் வந்துவிடுகிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைச் சுற்றித்தான். அம்மாவுக்கு என்ன வாங்குவது, குடும்பமாக எடுத்த படங்களை என்ன செய்வது, காசு கொடுத்து ஏமாறாமல் இருப்பது எப்படி. எல்லாவற்றிலும் என் கட்சி ஒன்றுதான்: நினைவுக்காகக் காசு கொடுப்பதாக இருந்தால், கொடுத்த பிறகு உங்கள் கையில் என்ன தங்கும் என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: போன தடவை அன்னையர் தினத்துக்கு இணையத்தில் பூங்கொத்து ஆர்டர் செய்தேன். படத்தில் பார்த்தது ஒன்று, வந்தது வேறு. மூன்றாம் நாளே தலை தொங்கிவிட்டது. பூவே வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

அம்மாவுக்குப் பூ பிடிக்கும் என்றால் ஏன் விட வேண்டும்? அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு டெலிவரி கேட்பதை மட்டும் விடுங்கள். ஒரே நாளில் எல்லோரும் கேட்கும்போது விலை ஏறும், கட்டுபவர்கள் அவசரத்தில் கட்டுவார்கள், ஏற்றிய வண்டி வெயிலில் சுற்றும். இரண்டு மூன்று நாள் முன்னால், வெள்ளிக்கிழமை வாக்கில் வரும்படி போட்டால் அதே காசுக்கு நல்ல பூ கிடைக்க வாய்ப்பு அதிகம். எந்த அம்மாவும் முன்கூட்டியே வந்துவிட்டது என்று கோபித்துக்கொள்ள மாட்டார்.

படத்துக்கும் பூவுக்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் விதிமுறைகளுக்குள் இருக்கும் ஒரு வரி: 'கையிருப்பைப் பொறுத்து சம மதிப்புள்ள வேறு பூக்கள் வைக்கப்படலாம்.' அதை ஆர்டருக்கு முன்பே படியுங்கள். இன்னொன்றையும் பாருங்கள், விளம்பரப் படத்தில் இருப்பது பெரிய அளவுக் கொத்தாக இருக்கும், நீங்கள் அழுத்தும் விலை சின்ன அளவுக்கு உரியதாக இருக்கும். எத்தனை தண்டு என்று எண்ணிக்கை போடாத கடையை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். வாடியே வந்தால் பெட்டியைத் திறந்த உடனே படம் எடுத்து அன்றைக்கே புகார் அனுப்பிவிடுங்கள், நாலு நாள் கழித்துச் சொன்னால் நீங்கள் தண்ணீர் ஊற்றவில்லை என்பார்கள்.

வந்த பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தண்டின் அடியைச் சாய்வாக வெட்டி, தண்ணீரில் முங்கும் இலைகளை உருவி, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். பழக்கூடை பக்கத்தில் வைக்காதீர்கள், பழுக்கும் பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாட வைக்கும், கார்னேஷனுக்கு அது ரொம்பவே ஆகாது. டாஃபடில் தண்டிலிருந்து வடியும் பிசின் பக்கத்தில் இருக்கும் துலிப்பைக் கெடுக்கும் என்பதால் இரண்டையும் ஒரே ஜாடியில் போடாதீர்கள். வீட்டில் பூனை இருந்தால் லில்லி வேண்டவே வேண்டாம். அதன் மகரந்தம் பட்டதை நக்கினால்கூடப் பூனைக்குச் சிறுநீரகம் செயலிழக்கும்.

ஒரு விஷயம் சொல்லட்டுமா? 1914இல் மே மாதத்து இரண்டாம் ஞாயிறை அமெரிக்காவில் அன்னையர் தினமாக அறிவிக்கக் காரணமாக இருந்த ஆனா ஜார்விஸ், பின்னாளில் பூக்கடைக்காரர்களையும் வாழ்த்து அட்டைக்காரர்களையும் எதிர்த்துச் சண்டை போட்டே காலத்தைக் கழித்தவர். தன் அம்மாவுக்குப் பிடித்த வெள்ளைக் கார்னேஷனை அடையாளமாகக் கொண்டுவந்தவரும் அவர்தான். அதை வைத்து வியாபாரம் பெருத்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

கேள்வி: அம்மா ஒரு நாட்டில், நான் ஒரு நாட்டில். எந்தத் தேதிக்கு அனுப்புவது?

அம்மா இருக்கும் நாட்டின் தேதிக்கு. பிரிட்டனில் இது ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு, அதாவது மார்ச்சை ஒட்டி வரும். அரபு நாடுகள் பலவற்றில் மார்ச் 21, மெக்சிகோவில் மே 10, தாய்லாந்தில் ஆகஸ்ட் 12. ஆஸ்திரேலியாவில் மே இரண்டாம் ஞாயிறுதான், ஆனால் அங்கே அப்போது இலையுதிர் காலம், வசந்தகாலப் பூ கேட்டால் இறக்குமதி விலை சொல்வார்கள். முடிந்தவரை அம்மா இருக்கும் ஊரிலேயே உள்ள கடையில் ஆர்டர் போடுங்கள். எல்லை தாண்டி வரும் பார்சலுக்குச் சுங்கம் கட்டச் சொல்லி அம்மாவிடமே பணம் கேட்டால் பரிசு பரிசாக இருக்காது.

கேள்வி: குடும்பப் படங்களைச் சேர்த்து அம்மாவுக்கு ஒரு போட்டோ புத்தகம் அச்சடிக்க ஆசை. அண்ணன், அக்கா, சித்தி எல்லோரிடமும் வாட்ஸ்அப்பில் படம் வாங்கி வைத்திருக்கிறேன். போனில் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் ஆர்டர் போடும்போது 'தரம் குறைவு' என்று தளம் எச்சரிக்கிறது. சும்மா பயமுறுத்துகிறார்களா?

இல்லை, இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வதை நம்புங்கள். போன் திரை சின்னது, அதில் எல்லாப் படமும் அழகுதான். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது கணக்கு, 200 வரை இறங்கினாலும் பார்க்க மோசமாக இருக்காது. 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 1200க்கு 1800 பிக்சல் போதும். அதே படத்தை 12 அங்குல அகலப் பக்கம் முழுக்கப் போட வேண்டுமென்றால் அகலத்துக்கு மட்டும் 3600 வேண்டும். செயலி வழியாக வரும்போது படம் சுருங்கிவிடும், வந்த படத்தின் விவரத்தைத் திறந்து பாருங்கள், 1600க்கு 1200 என்று இருந்தால் அதைப் பக்கம் முழுக்க இழுத்துப் போடாதீர்கள். கால் பக்க அளவில் வைத்தால் தப்பித்துவிடும்.

அதைவிட நல்ல வழி, எல்லோரையும் மறுபடி தொந்தரவு செய்வதுதான். படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்று அனுப்பச் சொல்லுங்கள், அல்லது ஒரு கிளவுட் ஃபோல்டர் திறந்து அதில் போடச் சொல்லுங்கள், மூலப் படம் அப்படியே வரும். சித்திக்கு அது தெரியாது என்றால் போனில் அழைத்து ஒவ்வொரு படியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை.

ஆர்டர் அழுத்தும் முன் கவனிக்க வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. திரை ஒளி விட்டுக் காட்டுவதால் காகிதத்தில் எல்லாமே ஒரு படி இருட்டாக வரும், மாலையிலும் வீட்டுக்குள்ளும் எடுத்த படங்களின் வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றிவிடுங்கள். யாருடைய முகமும் நடுமடிப்பில் விழக் கூடாது. எல்லோரும் வரிசையாக நிற்கும் குரூப் படத்தை இரண்டு பக்கத்துக்கு விரித்துப் போட்டே தீர வேண்டுமென்றால், பக்கம் முழுசாக விரியும் பைண்டிங்குக்குக் கூடுதல் காசு கொடுங்கள், அது வீண் செலவு இல்லை. ஓரங்களில் சில மில்லிமீட்டர் வெட்டுப்படும் என்பதால் ஓரத்தில் நிற்கும் அப்பாவின் காதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழில் குறிப்பு எழுதப் போகிறீர்கள் என்றால் இது முக்கியம். பல தளங்களின் எழுத்துருக்களில் தமிழ் சரியாக வராது. கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், இல்லை வெறும் கட்டம் கட்டமாக வரும். எழுதும் திரையில் சரியாகத் தெரிந்தாலும் முன்னோட்டக் கோப்பில் உடைந்து போவது உண்டு. அதனால் முன்னோட்டத்தைத் தரவிறக்கி ஒவ்வொரு பக்கமாகப் படியுங்கள். தகராறு செய்தால் குறிப்பை ஒரு படமாகவே செய்து ஒட்டிவிடலாம், அல்லது அடியில் இடம் விட்டு அச்சாகி வந்த பிறகு கையால் எழுதலாம். எனக்குப் பின்னதுதான் பிடிக்கும்.

விலை விஷயத்தில் ஒன்று. இந்தத் துறையில் 'இன்றோடு முடியும் பாதி விலைச் சலுகை' அடுத்த வாரமும் வேறு பெயரில் வரும், பதறாதீர்கள். புத்தக விலை குறைவாகத் தெரியும், கூடுதல் பக்கம், நல்ல காகிதம், அனுப்பும் செலவு என்று சேர்ந்து கடைசித் திரையில்தான் நிஜ விலை வரும். அந்தக் கடைசித் திரை விலையைத்தான் இரண்டு தளங்களுக்கு இடையே ஒப்பிட வேண்டும். தேதிக்கு மூன்று வாரம் முன்பே ஆர்டர் போட்டுவிட்டால், தப்பாக வந்தாலும் மறுபடி அச்சடிக்க நேரம் இருக்கும்.

கேள்வி: டிஜிட்டல் போட்டோ ஃபிரேம் வாங்கிக் கொடுத்தால், நாங்கள் எங்கிருந்தும் படம் அனுப்பலாமாமே. நல்லதா?

நல்லதுதான், அம்மா வீட்டில் வைஃபை ஒழுங்காக இருந்தால். வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். மாதச் சந்தா இல்லாமல் என்னென்ன வேலை செய்யும்? படங்கள் ஃபிரேமுக்குள்ளேயே சேமிப்பாகுமா, கம்பெனியின் சர்வரில் மட்டுமா? மெமரி கார்டு அல்லது யுஎஸ்பி போட இடம் உண்டா? சர்வரை மட்டும் நம்பும் ஃபிரேம், கம்பெனி கடையை மூடிய அன்று சுவரில் மாட்டிய கறுப்புக் கண்ணாடி. முதல் இணைப்பை நீங்களே போட்டு, படங்களையும் ஏற்றிவிட்டுக் கொடுங்கள். பெட்டியோடு கொடுத்தால் பல வீடுகளில் பெட்டியோடுதான் இருக்கும்.

கேள்வி: 'வசந்தகால மினி செஷன்' என்று போட்டோகிராபர் ஒருவர் விளம்பரம் போட்டிருக்கிறார். அம்மா, நாங்கள், குழந்தைகள் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுக்க வேண்டும். என்னென்ன கேட்க வேண்டும்?

எடுங்கள். குடும்ப ஆல்பத்தைப் புரட்டினால் அம்மா இருக்கும் படம் குறைவாகத்தான் இருக்கும், போனைப் பிடித்துக்கொண்டு நின்றதே அவர்தான் என்றால் வேறெப்படி இருக்கும்?

மினி செஷன் என்றால் ஒரே இடத்தில், ஒரே அமைப்பில், குடும்பத்துக்கு இருபது நிமிடம் வாக்கில் வரிசையாக எடுப்பது. கைக்குழந்தை, முட்டிவலி உள்ள பாட்டி எல்லோரும் இருந்தால் இருபது நிமிடத்தில் செட்டில் ஆகவே மாட்டீர்கள், அப்போது முழு செஷனுக்குக் கேளுங்கள். அப்புறம் அந்த விலைக்கு என்ன கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். திருத்திய படங்கள் எத்தனை, முழு அளவுக் கோப்பா சுருக்கியதா, அடையாள முத்திரை இல்லாமலா, வேறு கடையில் பிரின்ட் போட்டுக்கொள்ள அனுமதி உண்டா, தரவிறக்கும் இணைப்பு எத்தனை நாள் திறந்திருக்கும். விளம்பரத்தில் உள்ள விலை எடுப்பதற்கு மட்டும்தான், படம் ஒவ்வொன்றுக்கும் தனிக்காசு என்று பிறகு சொல்பவர்கள் உண்டு. பல நாடுகளில் எழுதி வாங்காவிட்டால் பதிப்புரிமை படம் எடுத்தவருக்கே போகும். குழந்தைகளின் படத்தைத் தன் பக்கத்தில் விளம்பரத்துக்குப் போடுவாரா என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

வசந்தகால வானத்தை நம்ப முடியாது. மழை வந்தால் வேறு தேதியா, முன்பணம் திரும்புமா, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன கதை? இதற்குப் பதில் 'பாத்துக்கலாம்' என்று வந்தால் அதையும் ஒரு வரியாக மெசேஜில் எழுதித் தரச் சொல்லுங்கள். நேரம் தேர்ந்தெடுக்க விட்டால் சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தைக் கேளுங்கள், உச்சிவெயில் வேண்டாம், எல்லோர் கண்ணுக்குக் கீழேயும் நிழல் விழும்.

கேள்வி: பேரக்குழந்தைகளின் பெயர் பொறித்த டாலர் ஒன்று ஆர்டர் செய்தேன். ஒரு எழுத்து தப்பாக வந்திருக்கிறது. 'பெயர் பொறித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார்கள். சரியா?

பாதி சரி. மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் உரிமை, உங்களுக்கென்று தனியாகச் செய்த பொருளுக்குப் பெரும்பாலும் கிடையாது. உதாரணமாக ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கியதற்கு 14 நாள் அவகாசம் உண்டு, பெயர் பொறித்தவற்றுக்கு அந்த அவகாசம் கிடையாது. ஆனால் நீங்கள் கொடுத்த எழுத்து சரியாக இருந்து அவர்கள் பொறித்தது தப்பு என்றால் அது குறையுள்ள பொருள், 'திரும்ப எடுக்க மாட்டோம்' என்ற வாசகம் அதற்கு உதவாது. ஆர்டர் உறுதி செய்த மின்னஞ்சலில் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள், வழக்கே அதுதான். அங்கே சரியாக இருந்தால் படத்தோடு அனுப்பி மாற்றித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் கார்டு கொடுத்த வங்கியில் முறையிடுங்கள். அங்கேயே தப்பாக இருந்தால் புதிதாகப் பொறிக்கும் கூலியைக் குறைக்கச் சொல்லிப் பேசிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

கூடவே டாலரில் என்ன முத்திரை என்று பாருங்கள். 925 என்றால் 92.5 சதவீதம் வெள்ளி. 'தங்க நிறம்' என்றால் நிறம் மட்டும்தான். முலாம் என்றால் எத்தனை மைக்ரான் என்று கேளுங்கள், தினமும் போடும் நகைக்கு மெல்லிய முலாம் சீக்கிரம் வெளுத்துவிடும்.

கேள்வி: அம்மா எதைக் கேட்டாலும் 'எனக்கு ஒன்றும் வேண்டாம்' என்கிறார். கிஃப்ட் கார்டு கொடுத்துவிடலாமா?

ஒன்றும் வேண்டாம் என்பவர் கையில் கார்டைக் கொடுத்தால் அது டிராயருக்குள் போய் காலாவதியாகும், கடை திவாலானால் அதற்கு முன்பே செல்லாக்காசு. ஸ்பா, சமையல் வகுப்பு மாதிரியான அனுபவ வவுச்சர் என்றாலும் அதே கதிதான், தேதியையும் நீங்களே பதிவு செய்து கூடவே போனால் ஒழிய. பாதி அம்மாக்களுக்கு நிஜமாகவே எதுவும் வேண்டாம், பிள்ளைகள் வந்து ஒரு நாள் முழுக்க இருந்தால் போதும். அப்படி என்றால் அந்தக் காசைப் பயணச் சீட்டுக்குப் போடுங்கள்.

கேள்வி: நாங்கள் சின்ன வயதில் எடுத்த வீடியோ கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பாட்டியின் குரல்கூட அதில் இருக்கிறது. டிஜிட்டலாக மாற்றி அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும். அவசரமா?

ஆமாம், இந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லாக் கேள்விகளிலும் உங்களுடையதுதான் அவசரம். காந்த நாடா வைத்த இடத்திலேயே மெல்ல மெல்ல அழிந்துகொண்டிருக்கும், ஈரமும் வெப்பமும் இருந்தால் இன்னும் சீக்கிரம். அதை ஓட்டும் கருவியும் இனி புதிதாகக் கிடைக்காது. கடைசிவரை விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இருக்கும் பழைய கருவிகள் பழுதாகப் பழுதாக மாற்றிக் கொடுக்கும் கூலியும் ஏறத்தான் செய்யும்.

கடைக்குப் போகும் முன் ஒவ்வொரு கேசட்டிலும் எண் எழுதி, எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரே ஒரு கேசட்டை மட்டும் கொடுங்கள், அதுவும் யாருடைய கல்யாணமோ என்பது மாதிரி ஒன்றை. வேலை பிடித்திருந்தால் மற்றவற்றைக் கொடுக்கலாம். தபாலில் அனுப்புவதைவிட நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும் தூரத்தில் ஒருவர் கிடைத்தால் கொஞ்சம் அதிகம் கேட்டாலும் அவரிடமே போங்கள், தொலைந்த பார்சலுக்கு வரும் நஷ்ட ஈடு காலி கேசட்டின் விலைதான். டிவிடியில் மட்டும் கொடுத்தால் ஏற்காதீர்கள், எம்பி4 கோப்பாகவும் கேளுங்கள். நிமிடக் கணக்கா கேசட் கணக்கா, வெற்று நாடாவுக்கும் காசா, பூசணம் பிடித்திருந்தால் சுத்தம் செய்யத் தனிக்கட்டணமா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கோப்பு வந்ததும் இரண்டு வேறு இடங்களில் பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வைக்கவும். ஒவ்வொரு கோப்பையும் கடைசிவரை ஓட்டிப் பார்க்கும்வரை மூலக் கேசட்டைத் தூக்கிப் போட வேண்டாம், பாதியில் குரல் மட்டும் நின்றுபோன கோப்புகள் வருவது உண்டு.