அப்பப்பாவின் மொறிஸ் மைனர் பிக்கப்பை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: அப்பப்பா 1964இல் வாங்கிய மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்று யாழ்ப்பாணம் உரும்பிராயில் எங்கள் வீட்டுக் கொட்டிலில் நிற்கிறது. வெங்காயமும் புகையிலையும் சந்தைக்கு ஏற்றிய வாகனம். போரில் பெற்றோல் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. 1995 இடப்பெயர்வில் எங்கள் குடும்பத்தைச் சாவகச்சேரிக்கு ஏற்றிப்போய், அடுத்த வருடம் திருப்பிக் கொண்டுவந்ததுதான் அதன் கடைசி ஓட்டம். வீட்டில் வைத்தே திருத்த ஆசை. கராஜ்காரர் ஒருவர் தகர வேலைக்கும் பெயின்றுக்கும் விலை சொல்லியிருக்கிறார். முதலில் அதைச் செய்விக்கலாமா?

பதில்: தம்பி, அந்த வேலைக்கு முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். பெயின்ற் கடைசி வேலை. முதலில் அடித்தால், பிறகு பிரேக் குழாய்க்கும் வெல்டிங்குக்கும் அதே பெயின்றை நீங்களே சுரண்ட வேண்டிவரும். இதைவிடப் பெரிய பிழை, முழு வாகனத்தையும் ஒரே மூச்சில் கழற்றிப் போடுவது. கழற்ற இரண்டு கிழமை போதும். பூட்டும்போது எந்த நட் எங்கே போனதென்று தெரியாமல் பாதியில் நின்றுபோன வாகனங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். ஒரு பகுதியைக் கழற்றுங்கள், திருத்துங்கள், பூட்டுங்கள், அப்புறம் அடுத்ததுக்குப் போங்கள். கழற்றுமுன் கைபேசியில் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. மைனர் காருக்குத் தனிச் செசி, அதாவது அடிச்சட்டம், கிடையாது, உடலே செசி. 1953 முதல் 1971 வரை வந்த பிக்கப்புக்கும் வானுக்கும் மட்டும் தனிச் செசி உண்டு. செசி உறுதியாக இருந்தால் மேலே உள்ள தகரத்தை ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு சின்னச் சுத்தியலும் பழைய திருப்புளியும் எடுத்துக்கொண்டு வாகனத்துக்குக் கீழே போங்கள். தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். கறள் தின்ற இடம் பொத்தென்று சொல்லும், திருப்புளி உள்ளே இறங்கும். பின்வில்கள் (பின்சில்லுகளின் ஸ்பிறிங் பட்டைகள்) பூட்டியிருக்கும் இடங்களையும் குறுக்குச் சட்டங்களையும் கூடுதலாகப் பாருங்கள். செசியில் ஓட்டை இருந்தால் உடல் தகரத்தைவிடத் தடித்த தகடு வைத்து வெல்டிங் செய்விக்க வேண்டும். பட்டிப் பசையும் பைபரும் பூசி மறைக்க விடாதீர்கள்.

கீழே போவது பற்றியும் சொல்லவேண்டும். ஜக்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சீமெந்துக் கல் அடுக்கியும் போகாதீர்கள். பாரம் ஏறினால் அது சொல்லாமல் நொறுங்கும். இரும்புத் தாங்கிகள் நாலு வாங்குங்கள், முதல் செலவு அதுவாக இருக்கட்டும். வெல்டிங்குக்கு முன் பெற்றோல் தாங்கியைக் கழற்றி வளவின் மறுகரையில் வையுங்கள். வெறும் தாங்கிதானே என்று நினைக்கவேண்டாம். உள்ளே தங்கிய ஆவிதான் வெடிப்பது.

அடுத்தது முன்சில்லு. மைனரில் நான் அதிகம் பயப்படுகிற இடம் இதுதான். முன்சில்லைத் தாங்கும் நிமிர்ந்த தண்டு, மேலும் கீழும் ட்ரனியன் என்ற துண்டுக்குள் திருகு மரையோடு உட்கார்ந்திருக்கும். ஸ்ரியறிங் திருப்பும்போது அந்த மரைதான் சுழலும். கிறீஸ் இல்லாமல் ஓடினால் மரை தேயும். தேய்ந்து முடிந்த அன்று தண்டு கழன்று, சில்லு உள்ளே மடிந்து, வாகனம் மூக்குக் குத்தும். மருதனார்மடச் சந்தியில் என் கண்முன்னே ஒரு மைனர் அப்படி இருந்தது. திரும்பும் வேகமென்பதால் யாருக்கும் அடிபடவில்லை. சில்லைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கண்டால் இரண்டு பக்கமும் புதுசு போடுங்கள். நல்லதாக இருந்தாலும், பழைய கறுத்த கிறீஸ் வெளியே பிதுங்கும்வரை புதுக் கிறீஸ் அடியுங்கள்.

பிரேக்கில் கழுவிப் பூட்டுகிற கதையே வேண்டாம். முழுவதும் ஒரே குழாய் வழி. ஓரிடம் ஒழுகினால் நாலு சில்லுக்கும் பிரேக் இல்லை. பெடலை மிதிக்கும்போது பிரேக் ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தகரத்துக்குக் கீழே, செசிக்குள் ஒளிந்திருக்கிறது. அந்தத் தகரத்தைக் கழற்றினால்தான் ஒழுகுகிறதா என்று தெரியும். முன்சில்லுகளில் இரண்டிரண்டு, பின்சில்லுகளில் ஒவ்வொன்று என்று ஆறு சிலிண்டர்கள். இவற்றுக்குள் உள்ள ரப்பர்களையும், வளையும் குழாய்களையும், இரும்புக் குழாய்களையும் முழுவதுமாக மாற்றுங்கள். இத்தனை வருடம் நின்ற பிரேக் ஒயில் ஈரத்தைக் குடித்து உள்ளுக்குள்ளேயே கறளை வளர்த்திருக்கும்.

சரி, எஞ்சின். 1964 என்றால் 1098 சிசி. பற்றறியைக் கொண்டுவந்து உடனே செல்ப் அடிக்கவேண்டாம். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எஞ்சின் ஒயிலும் டீசலும் கலந்து கொஞ்சம் விட்டு, மூன்று நாலு நாள் ஊறவிடுங்கள். பிறகு முன்னாலே கைபிடியைப் போட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். மறித்தால் பலவந்தப்படுத்தாமல் இன்னும் ஊறவிடுங்கள்.

மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினுக்கு இன்னொரு சோதனை உண்டு. ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்து, மண்ணெண்ணெய் மணக்கிறதா என்று பாருங்கள். பெற்றோலைச் சொட்டாக விட்டு ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றிய காலத்தில், எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் நீர்த்துப்போகும், சிலிண்டரும் பெயாரிங்கும் தேயும். அந்த மணம் வந்தாலோ, ஒயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டி நின்றாலோ, எஞ்சினுக்கு அடியில் உள்ள ஒயில் தொட்டியான சம்பை இறக்கிக் கழுவி, பெயாரிங்குகளைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டையும் கழற்றுவது நல்லது. வால்வுகளில் கரி கட்டியிருக்கும். கழற்றிய கையோடு எக்ஸோஸ்ட் பக்கம் கடின வால்வு இருக்கைகள் போட்டுவிடுங்கள், ஈயமில்லாத இன்றைய பெற்றோலுக்கு உதவும். பூட்டியதும் வால்வு இடைவெளி 12 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு.

எங்கள் குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. கேத்திலில் படிகிற அதே வெள்ளைதான் றேடியேற்றரிலும் எஞ்சினுக்குள்ளும் படிந்திருக்கும். எஞ்சினின் பின்பக்கம், நாலாவது சிலிண்டருக்கு அருகில் உள்ள வடிகால் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வராவிட்டால், சேறு அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். கம்பி விட்டுக் குத்தி, சேறு நிற்கும்வரை கழுவுங்கள். இனிமேல் மழைத்தண்ணீரோ காய்ச்சி வடித்த தண்ணீரோ குளிரூட்டித் திரவத்தோடு கலந்து விடுங்கள்.

அடுத்தது மின்சாரம். மைனர் பொசிட்டிவ் எர்த். பற்றறியின் பொசிட்டிவ் முனைதான் உடலில் பூட்டப்படும். இடையில் யாராவது மாற்றினார்களா என்று விசாரித்துவிட்டுப் பற்றறியைப் பூட்டுங்கள். துணி சுற்றிய பழைய வயர்கள் தொட்டாலே உதிரும், எலியும் விட்டுவைத்திருக்காது. வயர்க்கட்டை முழுதாக மாற்றுங்கள். சாவியைத் திருப்பியதும் எஸ்.யூ. நிறுவனத்தின் மின் பெற்றோல் பம்ப் டக் டக்கென்று அடித்து, கொஞ்சத்தில் ஓய வேண்டும். ஓயாமல் அடித்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பெற்றோல் ஒழுகுகிறது.

சாமான் கிடைக்குமா என்று பயப்படாதீர்கள். மைனருக்கு இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். ஒரு காலத்தில் இலங்கையிலேயே மைனரின் உடல் தகடுகளைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இவ்வளவும் முடிந்து, வளவுக்குள் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தபின் தகரமும் பெயின்றும். மாசி, பங்குனியில் அடியுங்கள். வாடை மழையின் ஈரம் போயிருக்கும், சோளகக் காற்றின் புழுதி தொடங்கியிருக்காது. செசி இலக்கத் தகட்டையும், எஞ்சினில் உள்ள இலக்கத் தகட்டையும் உரஞ்சவோ பூசி மறைக்கவோ விடாதீர்கள். பதிவுப் புத்தகத்தோடு பொருந்தவேண்டும். நிறத்தை மாற்றினால் அதையும் பதியவேண்டிவரும். கதவுப் பிணைச்சலின் உட்பக்கத்தையோ டாஷ் தகட்டுக்குப் பின்னாலேயோ மெதுவாகச் சுரண்டினால், அப்பப்பா வாங்கிய நாளில் இருந்த நிறம் இன்னும் இருக்கும். அதைப் பெயின்ற் கடையில் காட்டிக் கலக்கச் சொல்லுங்கள்.