இன்யோ கவுண்டி: கேட்டவர்களுக்குப் பதில்

கே: சார், இன்யோ கவுண்டி எங்கே இருக்கிறது?
ப: அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், கிழக்கே நெவாடா எல்லையோரம். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. பரப்பு சுமார் 26,000 சதுர கிலோமீட்டர். மக்கள் 2020 கணக்கெடுப்பில் 19,016 பேர். நகரம் என்றால் பிஷப் ஒன்றுதான். தலைமையிடம் இண்டிபெண்டன்ஸ் என்கிற சிற்றூர்.

கே: ஜூலையில் குழந்தைகளோடு டெத் வேலி போகலாமா?
ப: வேண்டாம். இந்தக் கவுண்டியில் உள்ள பாலைவனப் பள்ளத்தாக்கு அது. அங்கே ஃபர்னஸ் கிரீக் என்ற இடத்தில் 1913 ஜூலை 10 அன்று பதிவானது 56.7 டிகிரி செல்சியஸ். நவம்பருக்குப் பிறகு போங்கள். அப்போதும் காரில் தண்ணீர் நிறைய இருக்கட்டும்.

கே: இன்யோ கவுண்டியில் மனை வாங்கலாமா?
ப: விலை நிலவரம் தரகரிடம் கேளுங்கள். தனியார் நிலம் நூற்றுக்கு இரண்டு பங்குகூடக் கிடையாது.

கே: ஓவன்ஸ் ஏரியைப் பார்க்கப் போனோம். உப்புத் தரைதான் இருந்தது.
ப: 1913-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 370 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய் வெட்டி ஓவன்ஸ் ஆற்றைத் திருப்பிக்கொண்டது. 1920-களிலேயே ஏரி வற்றிவிட்டது. அப்புறம் பல பத்தாண்டுகள் புழுதிதான்.

கே: தண்ணீருக்காக ஓவன்ஸ் ஆற்றோரம் நகரம் காசு கொடுத்துத்தானே நிலம் வாங்கியது அண்ணா? திருட்டு மாதிரிச் சொல்கிறீர்களே!
ப: திருட்டு என்று நான் சொல்லவில்லை தம்பி. ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸின் முன்னாள் மேயர் ஃப்ரெட் ஈட்டன் வாங்கியபோது, அரசின் பாசனத் திட்டத்துக்கென்று நம்பி விற்றவர்கள் உண்டு. 1924 நவம்பரில் ஊர்க்காரர்கள் அந்தக் கால்வாயின் அலபாமா என்ற மதகைப் பிடித்துத் தண்ணீரைப் பழையபடி ஆற்றுப்பக்கம் திறந்துவிட்டார்கள். நான்கு நாள்!

சரி, விற்றவர்களுக்கு அந்த நிலம் எப்படி வந்தது? அதற்கு வெகு முன்பே அமெரிக்கப் பூர்வகுடிகளான பயூட் மக்கள் பிஷப் பக்கம் வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்தார்கள். ‘நீர் ஓடும் நிலம்’ என்ற பொருளில் பயஹூனாது என்பது அவர்கள் வைத்த பெயர். 1863-இல் படைவீரர்கள் பயூட் மக்களில் சுமார் ஆயிரம் பேரை டெஹோன் என்ற ராணுவக் கோட்டைக்கு நடத்திக் கொண்டுபோனார்கள். அவர்களுக்கு யார் காசு கொடுத்தது?

கே: மன்சனார் முகாம் இதே கவுண்டியா?
ப: ஆமாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரசு நடத்திய தடுப்பு முகாம், 1942 முதல் 1945 வரை. ஒரு கட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள் அடைபட்டிருந்தார்கள். பெயருக்கு ஸ்பானிய மொழியில் ஆப்பிள் தோட்டம் என்று பொருள். தோட்டக்காரர்களிடம் நிலத்தை வாங்கியதும் லாஸ் ஏஞ்சல்ஸ்தான்.

கே: ஆகஸ்டில் டெத் வேலி?
ப: ஜூலைக்குச் சொன்னதுதான்.

கே: பயூட் விஷயம் எனக்குத் தெரியாது அண்ணா. ஏரி இனி நிறையுமா?
ப: முழுதாக நிறையாது. புழுதியை அடக்க 2001 முதல் நகரமே ஏரித்தரையில் பல இடங்களில் ஆழமில்லாமல் தண்ணீர் விடுகிறது. உள்ளான் பறவைகள் திரும்பி வந்துவிட்டன. ஏப்ரலில் போய்ப் பாருங்கள்.