கல்வெட்டு வகுப்புக்கு வருமா, டீச்சர்?

(வந்தவாசி, செய்யாறு வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் சமூக அறிவியல் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன், டீச்சர். பயிற்சிக்குப் போனால் 'மூல ஆதாரங்களை வைத்து நடத்துங்கள்' என்கிறார்கள். கிடைக்கிற பீரியடில் பாடத்தை முடிப்பதே பெரும்பாடு. புத்தகத்தை மூடிவிட்டுக் கல்வெட்டைப் படிக்கச் சொல்கிறார்களா? — ஆசிரியை, ஆரணி

பதில்: புத்தகத்தை மூட வேண்டாம்மா, திறந்தே இருக்கட்டும். அதில் ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து, 'இதை எழுதினவங்களுக்கு இது எப்படித் தெரியும்?' என்று பிள்ளைகளைக் கேட்க வைக்கத்தான் மூல ஆதாரம். எல்லாப் பாடத்துக்கும் இதைச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். பருவத்துக்கு ஒன்று போதும்.

ஏழாம் வகுப்பென்றால் சோழர் பாடம் இருக்கிறது. உத்திரமேரூர் உங்களுக்குப் பக்கம்தான். குடவோலை முறையைச் சில வரிகளில் சொல்லிவிட்டு, 'அந்தக் காலத்திலேயே ஜனநாயகம்!' என்று ஒரு பெருமிதத்தோடு அடுத்த தலைப்புக்குத் தாவிவிடுவதுதான் நம் வழக்கம். அந்த இடத்தில் ஒரு பீரியடு நில்லுங்கள்.

வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் இருக்கும் கல்வெட்டு முதலாம் பராந்தகன் காலத்தது. வாரியத்தில் (ஊர் வேலைகளைக் கவனிக்கும் குழுவில்) உறுப்பினராக என்னென்ன தகுதி வேண்டும் என்று அது அடுக்குகிறது. வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும் (ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள்). சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அரைக்கால் வேலிதான் இருக்கிறதா? அப்படியானால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (விளக்கவுரையும்) கற்றிருந்தால் பரவாயில்லை. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மகன், மாமன், மாமனார், மருமகன், உடன்பிறந்தவள் புருஷன், தகப்பன், மகன் யாரும் நிற்க முடியாது.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது வகுப்பு சிரிக்கும். சிரிக்கட்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பஞ்சாயத்துத் தேர்தல் நன்றாகவே தெரியும்.

நான் செய்தது இது. பழைய கல்யாணப் பத்திரிகைகளை நறுக்கி, ஆளுக்கு ஒரு அட்டை கொடுப்பேன். 'உனக்கு வயது 40, நிலம் அரை வேலி, வேதம் தெரியும்.' 'உனக்கு வயது 50, நீ ஏரிக்கரையில் மண்வெட்டுபவன், நிலம் இல்லை.' 'உனக்கு வயது 36, உன் மாமனார் போன வருஷம் கணக்குக் காட்டவில்லை.' எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படிப்பேன். பொருந்தாதவர் உட்கார வேண்டும். கடைசியில் ஒன்றிரண்டு பேர்தான் நிற்பார்கள். நின்றவர்களுக்கே வெட்கமாகிவிடும்.

பெண் பிள்ளைகள் எப்போது உட்கார வேண்டும் என்று ஒவ்வொரு வகுப்பிலும் தகராறு வரும். கல்வெட்டு பெண்கள் வேண்டாம் என்று சொல்லவில்லையே என்பார்கள். உண்மைதான், விலக்கப்படுகிறவர்கள் பட்டியலில்கூடப் பெண்கள் இல்லை. எழுதியவர்களுக்கு அந்த நினைப்பே வரவில்லை. வாயால் மறுப்பதற்கும் நினைக்காமலே விடுவதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் கேட்டுவிட்டால், அன்றைக்கு உங்கள் சம்பளம் செரித்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல மறக்காதீர்கள். அது பிரமதேய ஊர், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். அந்தச் சபை பிராமண நில உடைமையாளர்களின் சபை. மற்ற ஊர்களில் 'ஊர்' என்ற அவை தனியாக இருந்தது. அதற்காக உத்திரமேரூரை மட்டம் தட்ட வேண்டாம். முப்பது குடும்புகளிலிருந்தும் (இன்றைய வார்டு மாதிரி) பெயர் எழுதிய ஓலைகளைக் கட்டிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத சிறுபிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அந்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். தேர்ந்தவர்களில் 12 பேர் ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். கூட்டிப் பார்த்தால் குடும்புக்கு ஒருவர். விரலை ஏன் விரிக்கச் சொன்னார்கள் என்று கேளுங்கள், கடைசி பெஞ்சிலிருந்துதான் சரியான பதில் வரும்.

நேரமிருந்தால் மட்டும் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பது ஒரு கல்வெட்டு அல்ல, இரண்டு. 919இல் ஒன்று, 921இல் ஒன்று. முதலாவதில் வயது வரம்பு 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டில் 35 முதல் 70 என்று மாற்றிவிட்டார்கள். யாருக்காக மாற்றியிருப்பார்கள் என்று பிள்ளைகள் ஊகிக்கட்டும். ஊகத்தை ஊகம் என்றே கரும்பலகையில் எழுதி வையுங்கள்.

கேள்வி: இதெல்லாம் மார்க் வாங்கித் தருமா? என் மகன் அடுத்த வருஷம் பத்தாவது. — பெற்றோர், திருப்பூர்

பதில்: நேரடியாகத் தராது. புத்தகத்தில் உள்ளபடி எழுதினால்தான் மார்க் என்று திருத்துகிறவர்கள் இருக்கும்வரை அதை மறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மாமனார் கணக்குக் காட்டாததால் உட்கார வைக்கப்பட்ட பையன், தேர்வில் குடவோலையை மறந்ததை நான் பார்த்ததில்லை.

கேள்வி: 1835 பிப்ரவரி 2இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் மெக்காலே பேசிய பேச்சு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. 'இந்தியா முழுக்கச் சுற்றினேன், ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ காணவில்லை' என்கிறார். இதைப் பள்ளிப் புத்தகத்தில் ஏன் போடுவதில்லை? இதுவும் மூல ஆதாரம்தானே? — வாசகர், சேலம்

பதில்: போடாததற்குக் காரணம், அவர் அப்படிப் பேசவில்லை. நான் சொல்வதை நம்ப வேண்டாம், தேதியைப் பாருங்கள். மெக்காலே 1834 பிப்ரவரியில் இங்கிலாந்தில் கப்பலேறி ஜூனில் சென்னையில் இறங்கினார். அங்கிருந்து பல்லக்கில் ஊட்டி போய் கவர்னர் ஜெனரல் பென்டிங்கைப் பார்த்தார். (போகிற வழியில் பிச்சைக்காரர் யாரும் கண்ணில் படவில்லையா என்பது வேறு கதை.) பிறகு கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலின் ஆலோசனைக் குழுவில் சட்ட உறுப்பினர். 1835 பிப்ரவரி 2 அன்று அவர் இருந்தது கல்கத்தாவில். லண்டன் போக மாதக்கணக்கில் ஆகும் காலம் அது. பாராளுமன்றத்தில் எப்படிப் பேசியிருப்பார்?

அந்தத் தேதி மட்டும் உண்மை. அன்றைக்குத்தான் அவர் தமது கல்விக் குறிப்பை எழுதிக் கையெழுத்திட்டார். பொய்யை உருவாக்கியவர் உண்மையான தேதியைத் திருடி மேலே ஒட்டியிருக்கிறார். நிஜக் குறிப்பு இணையத்தில் முழுதாகக் கிடைக்கிறது. அதில் அவர் எழுதியிருப்பது இன்னும் கசப்பானது: எனக்கு சமஸ்கிருதமோ அரபியோ தெரியாது என்று முதலில் ஒப்புக்கொள்கிறார். அடுத்த மூச்சிலேயே, நல்ல ஐரோப்பிய நூலகம் ஒன்றின் ஒரே ஒரு தட்டு இந்திய, அரேபிய இலக்கியம் முழுமைக்கும் சமம் என்கிறார். இந்தப் பொய்ப் பேச்சு நம்மைப் புகழ்கிறது, அதனால் ஊர் ஊராகப் பரவுகிறது. நிஜம் நம்மைத் திட்டுகிறது, யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள் என்று ஆசிரியர்களுக்குச் சொல்வேன். எது பொய் என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். எழுதியவர் அன்று எந்த ஊரில் இருந்தார், யாரிடம் பேசினார், அதன் பிறகு என்ன நடந்தது என்ற மூன்றை மட்டும் தேடச் சொல்லுங்கள். பாடப்புத்தகமும் ஒரு வரைபடமும் இருந்தால் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்களும் உங்கள் குழுவில் அப்படியே கேட்டுப் பாருங்கள், சார். பெரியப்பாக்களிடம் கொஞ்சம் பக்குவமாக.

கேள்வி: 1876–78 பஞ்சத்தில் எடுத்த எலும்பும் தோலுமான மக்களின் புகைப்படங்களை ஸ்மார்ட் போர்டில் காட்டினேன். வகுப்பே உறைந்துவிட்டது. இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். நல்ல பாடம்தானே? — ஆசிரியர், கிருஷ்ணகிரி

பதில்: அழுதார்கள் சரி, என்ன கற்றார்கள் தம்பி? அந்தப் படங்களில் பலவற்றை எடுத்தவர் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி. பட்டினி கிடந்தவர்களை வரிசையாக உட்கார வைத்து எடுத்தவர். அந்தக் காலத்திலேயே அதற்காக வசை வாங்கினார். கேமராவுக்குப் பின்னால் நின்றவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் படத்தை மட்டும் காட்டினால், அவர் பார்வையைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். எட்டாம் வகுப்பு வரை நான் அவற்றைக் காட்டவே மாட்டேன்.

அதற்குப் பதில் ஒரு தராசு கொண்டுபோங்கள். 1877 ஜனவரியில், டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்த தர்பார் நடந்த அதே மாதம், வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்தார். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்றார். ராத்தல் என்றால் சுமார் 450 கிராம். சத்துணவுக் கூடத்துத் தராசில் அரிசியை நிறுத்துக் காட்டினால் பிள்ளைகள் என்ன சொல்வார்கள் தெரியுமா? 'இவ்வளவா! நிறைய இருக்கே டீச்சர்' என்பார்கள். மறுக்காதீர்கள். அடுத்ததாக மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுதியதை வையுங்கள். நாள் முழுக்க மண் சுமப்பவனுக்கு இது பற்றாது, ஒன்றரை ராத்தலாவது வேண்டும், பருப்பும் வேண்டும் என்று சண்டை போட்டவர் அவர். இப்போது மறுபடி அரிசியைப் பார்க்கச் சொல்லுங்கள். பருப்பில்லை, எண்ணெயில்லை. உப்பும் விறகும் அந்த ஓரணாவில். வேலையோ கால்வாய் வெட்டுவது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி 1877–78இல் இப்படிப்பட்ட பஞ்ச வேலையாக வெட்டப்பட்டதுதான்.

டெம்பிளும் கார்னிஷும் ஒரே அரசாங்கத்தின் சம்பளக்காரர்கள். 'ஆங்கிலேயர்கள் பஞ்சத்தில் இப்படிச் செய்தார்கள்' என்று ஒரே வாக்கியத்தில் முடிக்கும் பழக்கம் அங்கே உடைகிறது. சில ஆண்டுகளுக்கு முன் பீகாரில் தாராளமாகச் செலவு செய்ததற்காகத் திட்டு வாங்கியவர் இதே டெம்பிள் என்பதையும் சொல்லுங்கள். ஏன் கையைச் சுருக்கினார் என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் கல்வெட்டும் இல்லை, கோட்டையும் இல்லை. நாங்கள் என்ன செய்வது? — ஆசிரியை, அருப்புக்கோட்டை அருகில்

பதில்: உங்கள் பள்ளியில் அட்மிஷன் ரிஜிஸ்டர் இருக்கிறதே! தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, நீங்கள் மட்டும் உட்கார்ந்து, பத்தாண்டுக்கு ஒருமுறை முதல் வகுப்பில் எத்தனை ஆண், எத்தனை பெண், அப்பாக்கள் என்ன தொழில் என்று எண்ணிக்கையை மட்டும் குறித்து வாருங்கள். பெயர், சாதிக் கலத்தைப் பிள்ளைகள் கண்ணில் காட்டவே கூடாது. தாத்தாவும் பேரனும் ஒரே பள்ளியில் படிக்கிற ஊரில் அது விளையாட்டு அல்ல. எண்களைக் கரும்பலகையில் எழுதினால் போதும். பெண்கள் எண்ணிக்கை எந்த வருஷம் ஏறியது, ஏன் என்று வீட்டில் ஆயாக்களைக் கேட்டு வரச் சொல்லுங்கள். ரோடு வந்தது, சத்துணவு வந்தது, ஒரு டீச்சர் உள்ளூரிலேயே தங்கினார் என்று ஆளுக்கொரு காரணம் வரும். எது சரி என்று ரிஜிஸ்டரோடு ஒத்துப் பார்க்கலாம். அப்புறம் பள்ளிக் கட்டடத்தின் திறப்பு விழாக் கல். நிலம் கொடுத்தவர் பெயர் அதில் இருக்கிறதா, இல்லையா? மண் சுமந்தவர்கள் பெயர் இருக்காது, அதை நான் இங்கிருந்தே சொல்வேன்.

கேள்வி: ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை எட்டாம் வகுப்பில் வைக்கலாமா? தமிழ் கடினமாக இருக்கிறதே. — பயிற்சி ஆசிரியர், விழுப்புரம்

பதில்: தாராளமாக. கடினம்தான். 18ஆம் நூற்றாண்டுப் பேச்சுத் தமிழ், நடுவே ஹிந்துஸ்தானியும் பிரெஞ்சும். நீங்கள் ஒருமுறை உரக்கப் படித்துவிட்டால் பாதிப் பூட்டு திறந்துவிடும், அது காதால் கேட்கவேண்டிய தமிழ்.

ஆள் யார் என்பதை முதலில் சொல்லுங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்), பெரிய வியாபாரி. 1736இல் தொடங்கி 1761 வரை எழுதியவர். கப்பல் வந்தது, பீரங்கி வெடித்தது, யாருக்கு என்ன மரியாதை செய்தார்கள் என்று அவர் எழுதுவதில் பொய் சொல்ல அவருக்குப் பெரிய தேவையில்லை. துய்ப்ளேயின் மனைவியைப் பற்றி எழுதும்போது மட்டும் உஷாராக இருங்கள். அந்த அம்மாளுக்கும் இவருக்கும் ஆகாது. ஒரே மனிதர், ஒரே பக்கம், ஒன்றை நம்பலாம், இன்னொன்றைத் தள்ளி வைத்துப் படிக்க வேண்டும் என்பது எட்டாம் வகுப்புக்கு நன்றாகவே புரியும்.

பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த 1746 செப்டம்பரிலிருந்து ஒரு நாள் பதிவை எடுங்கள். அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். கடினச் சொற்களுக்கு ஓரத்தில் பொருள் எழுதி, ஜெராக்ஸ் இரண்டு பேருக்கு ஒன்று என்று கொடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் பேச மாட்டார்கள்.