இரண்டாவது ஆல்பமும் ஊர்க்காரர்களின் காதும்

வணக்கம் ஐயா,

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓர் இண்டி ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். எங்கள் முதல் ஆல்பத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தீர்கள். இப்போது இரண்டாவது வந்து சில மாதங்கள் ஆகின்றன. பாட்டு வரிகளை அச்சடித்து விமர்சகர்களுக்கு அனுப்பினோம். கோலாலம்பூரில் எழுதுகிறவர்கள் முதிர்ச்சி, துணிச்சல் என்றெல்லாம் பாராட்டிவிட்டார்கள். ஆனால் ஊரில் யாருக்கும் பிடிக்கவில்லை. “பழைய மாதிரி இல்லையே தம்பி” என்பதுதான் எல்லோர் வாயிலும். என் அத்தை இரண்டாவது பாட்டிலேயே கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

குழுவுக்குள்ளும் சண்டை. ஊர்க்காரர்களுக்கு ராக் புரியாது என்கிறார் எங்கள் பாடகர். அமெரிக்க ராக் குழுவான வீஸரின் ‘பிங்கர்ட்டன்’ ஆல்பத்தையும் முதலில் திட்டிவிட்டுப் பிறகுதான் கொண்டாடினார்களாம், நமக்கும் அப்படி நடக்கும் என்கிறார். கிட்டார் வாசிப்பவர் கிட்டார் இரைச்சலுக்குள் குரல் அமிழ்ந்து கிடக்கும் ‘லவ்லெஸ்’ ஆல்பத்தின் (மை பிளடி வேலண்டைன் குழுவுடையது) பைத்தியம், ஒலியை மாற்றச் சம்மதிக்க மாட்டார். டிரம்ஸ்காரரோ அடுத்த ஆல்பத்தில் பேசாமல் தோட்டத்துப் பாட்டுக்கே திரும்பிவிடலாம் என்கிறார். நான் யார் பக்கம் நிற்பது? தீபாவளிக்கு முன் ஊரில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. அதில் பழைய பாட்டுகளைப் பாடலாமா, புதியவை மட்டும் போதுமா?

(பெயர் வேண்டாம் ஐயா)

அன்புள்ள தம்பி,

ஆல்பத்தை வீட்டிலும் கேட்டேன், ஈப்போ போகும்போது காரிலும் கேட்டேன். நல்ல ஆல்பம். வரிகளைப் பொறுத்தவரை முதல் ஆல்பத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டீர்கள். இரவு ஷிப்ட் முடித்துத் தொழிற்சாலை பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வரும் பெண்ணைப் பற்றிய ஐந்தாவது பாட்டு போல ஒன்றை இந்த நாட்டுத் தமிழ்ப் பாட்டில் நான் கேட்டதில்லை. ஆனால் அந்த வரிகள் எனக்குப் பிடிபட்டது, கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபோதுதான். காரில் கேட்டபோது அந்தப் பெண் எனக்குத் தெரியவே இல்லை.

விமர்சகர்களும் ஊரும் மோதிக்கொள்வதற்குக் காரணமாக நான் பார்ப்பது இதைத்தான். விமர்சகர் கையில் வரிகள் இருந்தன. உன் அத்தை கையில் கைப்பேசி மட்டும் இருந்தது, அதன் சின்ன ஸ்பீக்கரில் கிட்டார் இரைச்சலுக்கு அடியில் ஏதோ ஒரு குரல் முனகிக்கொண்டிருந்தது. இருவரும் கேட்டது ஒரே ஆல்பம் அல்ல. ஆகவே அவர்களுக்கு ரசனை உண்டு, இவர்களுக்கு இல்லை என்று முடிவுகட்ட இதில் ஒன்றுமில்லை. பாடகர் தம்பி அப்படிச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர் பாடுவது இந்த மக்களின் பேரப்பிள்ளைகளைப் பற்றித்தானே?

உங்கள் முதல் ஆல்பத்தை ஊர் ஏன் அப்படித் தூக்கி வைத்துக்கொண்டது என்று யோசித்துப் பார். தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, தொழிலாளர் குடியிருந்த லயம், பாட்டியின் பங்குப் பத்திரம் எல்லாம் அதில் இருந்தன. அந்தப் பங்குப் பத்திரப் பாட்டில் பெரியவர்கள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனார்கள், வேலை போய் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். அதனால்தான் 1960இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் நம் சுங்கை சிப்புட்காரர். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் கூலியில் மிச்சம் பிடித்து அதில் பங்கு வாங்கினார்கள். எத்தனையோ வீடுகளில் அந்தக் காகிதம் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது. இதை ஒருவன் கிட்டாரோடு பாடினால் ஊர் கேட்காமல் இருக்குமா? அப்போதும் டிரம்ஸ் சத்தமாகத்தான் இருந்தது, கிட்டாரைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷனும் இருந்தது. யாரும் எழுந்து போகவில்லை. ஏனென்றால் ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது.

நம் ஜனங்கள் பாட்டை வரியில்தான் பிடித்துக்கொள்கிறார்கள். தாலாட்டில் தொடங்கி ஒப்பாரி வரை அப்படித்தான். மெட்டு மனதில் நிற்பதுகூட வரியோடு சேர்ந்துதான் நிற்கிறது. இது குறை என்று நான் நினைக்கவில்லை. நானும் அப்படித்தான் கேட்கிறேன். ஆகவே ஊரார் “பழைய மாதிரி இல்லை” என்று சொன்னால் அங்கேயே விட்டுவிடாதே, என்ன இல்லை என்று கேள். தோட்டம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. அந்தத் தோட்டமே இப்போது இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயம் இடிந்து, ஆட்கள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். ஆனால் “என்ன பாடுகிறான்னே தெரியல” என்று சொல்பவர்கள்தான் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அது ஒலிப்பதிவைப் பற்றிய துல்லியமான விமர்சனம். உங்களைப் பாராட்டிய கட்டுரைகளில் ஒன்றுகூட அதைச் சொல்லவில்லை.

சரி, ‘லவ்லெஸ்’. 1991இல் வந்தது, மை பிளடி வேலண்டைனுக்கு அதுவும் இரண்டாவது முழு ஆல்பம்தான். ஸ்டூடியோ ஸ்டூடியோவாக மாறி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பதிவு செய்தார்கள். அப்போதே விமர்சகர்கள் புகழ்ந்தார்கள், பிரிட்டிஷ் பட்டியலில் 24ஆம் இடம் வரை போயிற்று, பிறகு அவர்களுடைய கிரியேஷன் இசைத்தட்டு நிறுவனமே அவர்களை விட்டுவிட்டது. எனக்கும் பிடித்த ஆல்பம். ஆனால் அங்கே குரலை வேண்டுமென்றே இன்னொரு வாத்தியமாக வைத்தார்கள். சொல்லைத் தேடி யாரும் அதற்குள் போவதில்லை. நீங்களோ ஷிப்ட் நேரம், வாடகை, அம்மாவின் நீரிழிவு மாத்திரை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பாடுகிறீர்கள். பெயர் சொல்லிப் பாடுவதைக் கேட்க விடாமல் ஏன் மூட வேண்டும்? பேச்சுத் தெளிவுக்கு முக்கியமான ஒலி பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. டிஸ்டார்ஷன் போட்ட உங்கள் இரண்டு கிட்டார்களும் அதே இடத்தில்தான் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. பாடும் இடங்களில் மட்டும் கிட்டார்களை அந்தப் பகுதியில் கொஞ்சம் குறைத்து, குரலுக்குப் போட்ட ரீவெர்பையும், அதாவது எதிரொலியையும், குறைத்துப் பாருங்கள். பாட்டுக்கு நடுவே வரும் அந்த அழகான இரைச்சலை யாரும் தொட வேண்டாம். அது எனக்கும் வேண்டும்.

‘பிங்கர்ட்டன்’ கதையைப் பாடகர் பாதியில் நிறுத்திவிட்டார். அது வெளிவந்தது 1996 செப்டம்பரில். அமெரிக்கப் பட்டியலில் 19ஆம் இடத்தில் நுழைந்து சீக்கிரமே இறங்கிவிட்டது. ‘ரோலிங் ஸ்டோன்’ வாசகர்கள் அந்த ஆண்டின் மோசமான ஆல்பங்களில் மூன்றாவது இடத்தை அதற்குக் கொடுத்தார்கள். 2004இல் அதே பத்திரிகை ஐந்து நட்சத்திரம் கொடுத்தது, 2016இல் அமெரிக்காவில் பிளாட்டினம் ஆனது. எல்லாம் சரி. ஆனால் இடையில் என்ன நடந்தது? வீஸரின் பாடகர் ரிவர்ஸ் கோமோ அந்த ஆல்பத்தில் தன்னைத் திறந்து வைத்திருந்தார், அது வாங்கிய அடியில் ஒதுங்கிவிட்டார். பேஸ் வாசித்த மேட் ஷார்ப் குழுவை விட்டுப் போனார். மூன்றாவது ஆல்பம் 2001இல்தான் வந்தது, முதல் ஆல்பத்தின் தயாரிப்பாளரையே திரும்பக் கூப்பிட்டு, அந்தரங்கம் எதையும் வெளியே காட்டாத பாட்டுகளோடு. பிற்காலப் புகழ் அந்த ஐந்து ஆண்டுகளைத் திருப்பித் தரவில்லை. அப்புறம், அப்படி மீண்டு வந்த ஆல்பங்கள் மிகச் சில. மீளாதவற்றின் பெயர் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. ‘பிங்கர்ட்டன்’ எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும் கோமோ பாடுவது தெளிவாகக் கேட்கும். பின்னால் வந்தவர்கள் அதில் பிடித்துக்கொண்டது அந்த வரிகளைத்தான்.

டிரம்ஸ்காரருக்கு நியூயார்க் ராக் குழுவான ஸ்ட்ரோக்ஸின் கதையைச் சொல். 2001இல் ‘இஸ் திஸ் இட்’ வந்து உலகமே கொண்டாடியது. இரண்டாவதற்கு முதலில் வேறு தயாரிப்பாளரோடு உட்கார்ந்தார்கள், ஒத்துவராமல் பழைய கார்டன் ரஃபேலிடமே திரும்பினார்கள். 2003இல் ‘ரூம் ஆன் ஃபயர்’ வந்தது. என்ன சொன்னார்கள் தெரியுமா? மறுபடியும் அதேதானே என்றார்கள். எனக்கு அது மிகவும் பிடித்த ஆல்பம், இருந்தும் சொல்கிறேன், திரும்பிப் போனால் திட்டு வராது என்று எண்ண வேண்டாம். உங்களுக்கு அதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. நீங்கள் யாரும் பால் வெட்டியதில்லை. முதல் ஆல்பத்தில் பாட்டிகளிடம் கேட்டதைப் பாடினீர்கள், அது உண்மையாக இருந்தது. அதையே இன்னொரு முறை பாடினால் இந்த ஊர் உடனே கண்டுபிடித்துவிடும். தொழிற்சாலை பஸ்தான் உங்கள் வாழ்க்கை. அதை விடாதீர்கள்.

ஆகவே நான் மூன்று பேர் பக்கமும் இல்லை. உன் அத்தை பக்கம் இருக்கிறேன். அவரிடம் ஐந்தாவது பாட்டின் வரிகளை உட்கார்ந்து படித்துக் காட்டு. அவரும் தொழிற்சாலைக்குப் போனவர் என்றால் இன்னும் நல்லது. படித்த பிறகு அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுது. கோலாலம்பூர்க் கட்டுரைகளைவிட அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

நிகழ்ச்சியில் பழைய பாட்டுகளைக் கட்டாயம் பாடுங்கள். பங்குப் பத்திரப் பாட்டைக் கேட்க வந்தவரிடம் அதை மறைத்து வைப்பது மரியாதை இல்லை. ஆனால் கடைசிக்கு வைக்காதீர்கள், அதற்காகவே காத்திருந்து மற்றதைக் கேட்காமல் விடுவார்கள். இரண்டாவதாகப் பாடிவிடுங்கள். அது முடிந்ததும், சபை உங்களோடு இருக்கும்போதே, ஐந்தாவது பாட்டை ஒரே ஒரு கிட்டாரோடு, டிஸ்டார்ஷன் இல்லாமல் தொடங்குங்கள். முதல் இரண்டு சரணம் முடிந்த பிறகு டிரம்ஸும் மற்றக் கிட்டாரும் முழுச் சத்தத்தோடு வரட்டும். தேதி முடிவானதும் சொல், நான் வருகிறேன்.

அன்புடன்.