அச்செழுத்தை விரலால் வாசிக்கும் பெட்டி: அண்ணனுக்கு வாங்கலாமா?

கேள்வி: என் அண்ணனுக்கு 46 வயது. இருபது வருடத்துக்கு மேல் விசைப்படகில் கடலுக்குப் போனவர். சர்க்கரை நோயால் பார்வை போய்விட்டது. இப்போது கைப்பழக்கத்திலேயே வலை சரிபார்த்துக் கொடுக்கிறார். வங்கிக் கடிதம், சொசைட்டி பாஸ்புக், வியாபாரி தரும் சீட்டு எல்லாம் பக்கத்து வீட்டுப் பையன்தான் வாசித்துச் சொல்கிறான். 'என் கடன் தெருவுக்கே தெரியுது' என்று அண்ணன் குறைபடுகிறார். அச்சடித்த தாளில் வைத்தால் விரலுக்கடியில் புள்ளிகள் எழும்பும் சின்னப் பெட்டி ஒன்றை வீடியோவில் பார்த்தோம். நகையை வைத்தாவது வாங்கலாமா? (ஒரு தங்கை, பாம்பன்)

பதில்: நகை இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கட்டும்.

வீடியோக்களில் அதிகம் சுற்றுவது, 2016ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆறு மாணவிகள் செய்து காட்டிய பெட்டி. அது சோதனைக்குச் செய்த முன்மாதிரிதான். யோசனை அதைவிடப் பழையது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் லின்வில், பார்வையில்லாத தன் மகளுக்காக 'ஆப்டகான்' என்ற கருவியை உருவாக்கினார். வலது கையால் சின்ன கேமராவை வரியின் மேல் நகர்த்த வேண்டும். இடது ஆள்காட்டி விரலுக்கடியில் 144 ஊசிகள் அதிர்ந்து, எழுத்தின் வடிவத்தையே வரைந்து காட்டும். பிரெயில், அதாவது பார்வையில்லாதவர்கள் தடவி வாசிக்கும் புள்ளி எழுத்து, தெரிய வேண்டியதில்லை. 1970களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்து, 1996ல் நின்றுபோனது. இங்கிலீஷ் எழுத்துக்கே மாதக்கணக்கில் பழக வேண்டியிருந்த கருவி அது. நம் ண, ன இரண்டையும் ஒரு சுழி வித்தியாசத்தில் விரல்நுனியில் பிரித்தறிவதை நினைத்துப் பாருங்கள்.

இன்று கடையில் கிடைப்பது பிரெயில் டிஸ்ப்ளே. பெரும்பாலானவற்றில் கேமரா கிடையாது, இது பலருக்குத் தெரியாது. போனோ கணினியோ எழுத்தைப் படித்து அனுப்பினால்தான் இதில் புள்ளிகள் எழும்பும். அதாவது படம் பிடிப்பது, எழுத்தை அடையாளம் காண்பது, புள்ளியாக்குவது என மூன்று வேலைகள். முதல் இரண்டையும் உங்கள் வீட்டு ஆண்ட்ராய்டு போனே செய்துவிடும். காசைத் தின்பது மூன்றாவதுதான். வழக்கமான டிஸ்ப்ளேயில் ஒவ்வொரு புள்ளிக்கும் மின்சாரம் பட்டால் வளையும் ஒரு பீசோ பட்டை உண்டு. ஒரு தொகுதிப் புள்ளிகள் எழும்பும் இடம் ஒரு கட்டம். ஒரு கட்டத்துக்கு 8 புள்ளி, 40 கட்டத்துக்கு 320 பட்டைகள். விலை லட்சத்தைத் தாண்டுவது அதனால்தான். ஆர்பிட் ரீடர், மும்பையில் உருவான பிரெயில்மீ போன்ற 20 கட்டக் கருவிகள் வேறு நுட்பத்தில் விலையைக் குறைத்திருக்கின்றன. அப்படியும் பல ஆயிரங்கள்.

20 கட்டம் என்றால் எவ்வளவு வாசிக்கலாம்? தமிழ் பிரெயிலில் ங், ச் போன்ற மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளிக்கு ஒரு கட்டம், கால், கொம்பு போன்ற உயிர்க்குறிக்குத் தனிக் கட்டம். 'தங்கச்சிமடம்' என்ற ஒரு சொல்லே 12 கட்டம் பிடிக்கும். மிச்சத்தில் 'பாம்பன்' அடங்கும், அத்தோடு வரி முடிந்தது.

எனவே முதலில் போன். செட்டிங்ஸில் டாக்பேக்கை (திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வசதி) இயக்கி, கூகுள் லென்ஸால் தாளைப் படம் பிடித்து, காதில் இயர்போன் மாட்டிக் கேட்கப் பழகட்டும். பையன் தேவையில்லை, தெருவுக்கும் தெரியாது. தாளைக் கருப்பு லுங்கி மேல் விரித்து வைத்தால் ஓரம் தெளிவாகத் தெரியும். லேமினேட் செய்த அட்டை வெளிச்சத்தில் பளபளக்கும், ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். பாஸ்புக்கில் மை மங்கியிருந்தால் எண்கள் தப்பாக வரும், தொகையை மட்டும் இரண்டு முறை படம் பிடித்துச் சரிபார்க்க வேண்டும். வியாபாரியின் கையெழுத்துச் சீட்டை நம்பி வாசிக்க முடியாது. தொகையை வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பச் சொல்வதுதான் வழி.

அப்புறம் விரல். உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது இதுதான். சர்க்கரை விரல்நுனி உணர்ச்சியை மழுங்கச் செய்யலாம். கயிறு இழுத்த கை வேறு, காய்த்துப் போயிருக்கும். பிரெயில் புள்ளிகளுக்கிடையே சுமார் 2.5 மில்லிமீட்டர்தான், ஓர் அரிசியின் அகலத்துக்குக் கொஞ்சம் கூட. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில், பின்பக்கமிருந்து மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி, சில இடத்தில் ஒரு புள்ளி, சில இடத்தில் அந்த இடைவெளியில் இரண்டு புள்ளி வையுங்கள். ஒவ்வொரு விரலாகத் தடவி ஒன்றா இரண்டா என்று சொல்லட்டும். ஆள்காட்டி விரல்தான் வேண்டும் என்றில்லை, மோதிர விரலால் வாசிக்கிறவர்களும் உண்டு. எந்த விரலிலும் தெரியவில்லையென்றால் எந்த டிஸ்ப்ளேயும் பயன்படாது, குரலே போதும்.

விரல் தேறினால், சில நூறு ரூபாய் பிரெயில் ஸ்லேட்டும் ஸ்டைலஸும் (தாளில் கையால் புள்ளி குத்தும் சட்டமும் ஊசியும்) வாங்கி தமிழ் பிரெயில் கற்கட்டும். நடுவயதில் கற்பது மெதுவாகத்தான் போகும். சரளமான பிறகு டிஸ்ப்ளே பற்றிப் பேசலாம். கடன் எண், பெயரின் எழுத்து, கணக்கு இவற்றையெல்லாம் காதால் கேட்பதைவிட விரலால் நின்று பார்ப்பது மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. காதும் கேட்காதவராக இருந்தால் டிஸ்ப்ளேயை முதலிலேயே சொல்லியிருப்பேன்.

ஒரு எச்சரிக்கை. தொண்டிப் பக்கம் நான் பயிற்சி கொடுத்த ஒருவர், 'கடல்' என்று வரவேண்டிய இடத்தில் 'அடல்' என்றே வாசித்துக்கொண்டிருந்தார். தப்பு அவரிடம் இல்லை. அவருடைய டிஸ்ப்ளேயின் முதல் கட்டத்தில் மூன்றாம் புள்ளி எழும்பவில்லை. 'க' என்பது 1, 3 புள்ளிகள். 3 போனால் மிஞ்சுவது 'அ'. உப்புக்காற்றும் வியர்வையும் மீன்கை எண்ணெயும் ஊசித் துளையில் சேர்ந்திருந்தன. சோப்புப் போட்டு கை கழுவித் துடைத்த பிறகே தொடணும். வேலை முடிந்ததும் மூடிய டப்பாவில், செருப்புப் பெட்டியில் வருமே, அந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைக்கணும்.

ராமநாதபுரம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அண்ணனின் யூடிஐடி அட்டையை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) காட்டி, உதவி உபகரணத் திட்டங்களில் என்ன தருகிறார்கள் என்று விசாரியுங்கள். கடையில் வாங்குவதாக இருந்தால், பணம் கொடுக்கும் முன் 'மழை' என்று போனிலிருந்து அனுப்பச் சொல்லி, தமிழ் பிரெயில் தெரிந்த ஒருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'ழ' சரியாக வராத கருவியை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அட்டைச் சோதனையில் எந்த விரல் தேறியது என்று எழுதுங்கள். ஸ்லேட்டில் எங்கிருந்து தொடங்குவது என்று சொல்கிறேன்.